பதினெட்டு இருக்கைக் கப்பலின் முப்பத்தோராம் விதி

கேரள மலையில் எங்கள் அணையில் ஓடுவது ஒரே ஒரு படகு. பதினெட்டு இருக்கைகள், மேலே நீலத் தகரக் கூரை, பின்னால் பெரிய இருமலோடு கிளம்பும் ஒரு டீசல் எஞ்சின். எஸ்டேட் குடும்பங்கள் சில சேர்ந்து நடத்தும் சங்கத்துக்குச் சொந்தமான அந்தப் படகை ஓட்டுபவர் என் கணவர். தேயிலைச் சரிவுகளுக்கு நடுவே ஒரு சுற்று, யானை இறங்கும் திட்டுக்கு எட்ட நின்று எஞ்சினை அணைத்துவிட்டுப் போட்டோ, பிறகு புறப்பட்ட இடத்துக்கே திரும்புதல். மொத்தம் நாற்பது நிமிடம். இந்தப் படகுக்குத்தான் நான் உல்லாசக் கப்பல்களுக்கான விதிகளை எழுதிக் கொடுத்தேன். வேண்டுமென்று செய்யவில்லை. வேண்டுமென்றுதான் செய்தேனோ என்ற சந்தேகம் ஒரே ஒரு விதியைப் பற்றி மட்டும் இன்றுவரை இருக்கிறது.

லாக்டவுன் அறிவித்த வாரம் கரையில் கட்டிய படகு, மழைக்காலம் முடிந்தும் அங்கேயே கிடந்தது. என் கணவர் ஏலத்தோட்டத்துக்கு மருந்தடிக்கப் போனார். எஸ்டேட் வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் எல்லார் வீட்டு மிக்ஸியையும் பழுது பார்த்தார். அவற்றில் சில பிறகு ஓடவும் செய்தன. கொச்சியிலிருந்து அவருடைய பழைய கூட்டாளி ஒருவர், மீன்பிடி போட்டில் ஆள் எடுக்கிறார்கள் என்று வாரம் தவறாமல் போன் செய்துகொண்டிருந்தார்.

"கிறிஸ்துமஸ் சீசனுக்கு இது ஓடலைன்னா நான் கொச்சிக்குக் கெளம்பிருவேன் புள்ள," என்றார் ஒரு நாள், பக்கத்து வீட்டு மிக்ஸியைக் குடைந்தபடி.

"போனா எப்ப வருவீங்க?"

"அதையும் கொச்சிலதான் கேட்டுச் சொல்லணும்."

எங்கள் மகளுக்கு அப்போது மூன்று வயது. என் அம்மா வீடு தமிழ்நாட்டுப் பக்கம் போடியில், எல்லை மெட்டிலிருந்து வளைவுகள் இறங்கினால் வந்துவிடும். ஆனால் செக்போஸ்ட்டில் இ-பாஸ் இல்லாமல் ஒரு வளைவுகூட இறங்க முடியாத காலம். அவரும் போய்விட்டால் நானும் குழந்தையும் மட்டும்தான். எனவே படகு ஓட வேண்டும் என்று விரும்பினேன். அதே சமயம், படகு ஓடினால் எங்கெங்கிருந்தோ வரும் மனிதர்கள் அவர் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து தும்முவார்கள், அதை அவர் சட்டையில் வீட்டுக்குக் கொண்டுவருவார் என்றும் பயந்தேன். வாழைப்பழத்தைச் சோப்புப் போட்டுக் கழுவியவள் நான். உரித்த பிறகு, உள்ளே போயிருக்குமோ என்று யோசித்தவளும் நானே.

இந்த நிலையில்தான் சுற்றுலா அலுவலகத்திலிருந்து அறிவிப்பு வந்தது. படகு ஓட்ட விரும்பும் ஒவ்வொரு சங்கமும் தன் பாதுகாப்பு விதிகளைத் தானே எழுதித் தர வேண்டும். பார்த்துவிட்டு அனுமதி தருவார்கள். சங்கத் தலைவர் அந்தத் தாளோடு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். ஃபேக்டரியில் தேயிலைக்குப் பதம் பார்க்கும் டீ மேக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்தப் பொருள் கைக்கு வந்தாலும் முதலில் மோந்து பார்ப்பார். அதற்காக முகக்கவசத்தை இறக்குவார். நான் நீட்டிய சானிடைசரையும் அப்படித்தான் மோந்தார்.

"தாயி, நீதான் காலேஜு படிச்ச புள்ள. நீ எழுதிரு."

"மாமா, நான் படிச்சது பி.காம்."

"எழுதத் தெரியும்ல?"

குடிநீர்த் தொட்டியின் அருகே கிழக்கு பார்த்து நின்றால் மட்டும் என் போனில் நெட் வரும். அங்கே நின்றால் போன், தான் தமிழ்நாட்டில் இருப்பதாக நினைத்துக்கொள்ளும். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, கொள்ளைநோய்க் காலத்தில் பயணப் படகுகளை மறுபடி ஓட்டுவது எப்படி என்று தேடினேன். முதலில் வந்தது உல்லாசக் கப்பல்களுக்கான ஒரு பெரிய ஆவணம். அது முழுதாக இறங்குவதற்குள் குழந்தை இரண்டு முறை தூங்கி எழுந்துவிட்டது.

கப்பலுக்கானது என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்த வருடத் தொடக்கத்தில் டிவியில் பார்த்த கப்பல்கள் என் மனத்தை விட்டுப் போகவே இல்லை. எந்தத் துறைமுகமும் சேர்க்காமல் நடுக்கடலில் நின்றவை. பால்கனியில் நின்று கையசைத்த பயணிகள். அவ்வளவும் பட்ட பிறகு அவர்களே உட்கார்ந்து யோசித்து எழுதியது என்றால், அதைவிடப் பாதுகாப்பு வேறென்ன இருக்க முடியும்? குறைவாக எழுதி ஒன்று ஆகிவிட்டால் யார் பதில் சொல்வது? கூடுதலாக இருப்பதில் நஷ்டமில்லை என்று முடிவு செய்தேன். பிறகு, கூடுதலாக எழுதி அனுமதி கிடைக்காமல் போனால் என்று பயந்தேன். இரண்டுக்கும் நடுவில் எழுத ஆரம்பித்தேன்.

கப்பல் என்று இருந்த இடத்திலெல்லாம் படகு என்று போட்டேன். ஏறுமுன் பரிசோதனை, அதற்குப் பதில் நெற்றியில் வெப்பமானி. உணவுக்கூடத்தில் தானே எடுத்துச் சாப்பிடும் முறை கூடாது. அதற்குப் பதில் படகில் மாங்காய்த் துண்டு கூடாது. ஒவ்வொரு பத்து அறைக்கும் ஓர் அறையை நோயாளிக்கு ஒதுக்கிவைக்க வேண்டும் என்று இருந்தது. பதினெட்டு இருக்கையைப் பத்தால் வகுத்தேன்.

"ஒண்ணே முக்காலுக்குக் கொஞ்சம் மேல வருது மாமா," என்றேன் தலைவரிடம்.

"முக்கா நோயாளின்னா எப்படி தாயி? லேசா சளி புடிச்சவனா?"

லைஃப் ஜாக்கெட் வைக்கும் மூலைக்கு என் பழைய நைலக்ஸ் சேலையைத் திரையாகக் கட்டி, அதைத் தனிமை அறை ஆக்கினார் கணவர்.

கப்பல் நிற்கும் ஒவ்வொரு துறைமுகத்தோடும் எழுத்துமூலம் ஒப்பந்தம் வேண்டும் என்ற விதியில் இரண்டு நாள் நின்றேன். யானைத் திட்டைத் துறைமுகம் என்று எடுத்துக்கொள்வதா?

"நாம அங்க எறங்குறதே இல்லையே," என்றார் கணவர். "யானைதான் எறங்குது."

"அப்ப ஒப்பந்தம் வேண்டாங்கறீங்களா?"

"நீ எழுதிக் குடு. நான் போயி கையெழுத்து வாங்கிட்டு வாரேன்."

அந்த விதியை அடித்தேன். மறுநாள், அடித்தது தப்போ என்று திரும்ப எழுதி, "பொருந்தாது" என்று சேர்த்தேன். இப்படி நாற்பத்தாறு விதிகள் வந்தன. அதிகாரிக்கு ஆங்கிலத்தில் ஒரு பிரதி, சங்கத்துக்குத் தமிழில் ஒரு பிரதி. தினமும் ஒரு பதிவேடு எழுத வேண்டும், அதில் 'நெருங்கிய தொடர்பு', 'எடுக்கப்பட்ட நடவடிக்கை' என்று பத்திகள் இருக்க வேண்டும் என்றும் ஒரு விதி. அந்தப் பதிவேட்டை ஸ்கேல் வைத்து நானே கோடு போட்டுத் தயாரித்தேன். என்னைக் கரை ஊழியர் என்று குறித்துக்கொண்டேன். படகில் ஏறாதவர், நெற்றியில் வெப்பமானி பிடிப்பவர், பதிவேட்டுக்குப் பொறுப்பு. தலைவர் தாள்களை வாங்கி மோந்து பார்த்துவிட்டுக் கையெழுத்திட்டார். படித்தாரா என்று நான் கேட்கவில்லை.

அதிகாரி என்னைப் போலவே இருபத்தெட்டு வயதிருக்கும் பெண். கைப்பையில் சானிடைசர் புட்டியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்தார். பார்த்ததுமே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. தன் பேனாவைத் துடைத்துவிட்டு என்னிடம் நீட்டினார். நான் வாங்கித் துடைத்துவிட்டுக் கையெழுத்திட்டேன். அவர் திரும்ப வாங்கித் துடைத்துக்கொண்டார். டிக்கெட் கொட்டகையில் உட்கார்ந்து எல்லாப் பக்கத்தையும் படித்தார். ஒரு பக்கத்தில் நின்றார்.

"ஸ்விம்மிங் பூல் அடைச்சிருக்கும்னு எழுதியிட்டுண்டு. பூல் எவிடெ?"

நீச்சல் குளத்தை நீக்க மறந்திருக்கிறேன். எனக்குக் காது சூடாகிவிட்டது. தலைவர் அசரவில்லை.

"மூடிட்டோம் மேடம்," என்றார்.

அதிகாரி அவரை ஒரு கணம் பார்த்தார். பிறகு அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.

"குழப்பமில்ல. எல்லாம் விரிவா எழுதியிருக்கு. பின்னே, இதில ட்ரையல் ட்ரிப் என்னு இருக்கல்லோ. அது ஓட்டிக் காமிச்சா அனுமதி தராம். ஞாயிற்றுக்கிழமை வராம்."

ஆமாம், அதையும் எழுதியிருந்தேன். பயணிகளை ஏற்றும் முன் தன்னார்வலர்களை வைத்து ஒரு சோதனைப் பயணம். இதில் நோய் வரும் அபாயம் உண்டு என்று அவர்களிடம் எழுதி வாங்க வேண்டும். நடுவழியில் ஒருவருக்கு நோய் வந்ததாக வைத்துக்கொண்டு, செய்ய வேண்டியதைச் செய்து காட்ட வேண்டும். இடைவெளிக்காகப் பாதி இருக்கைதான்; ஆக ஒன்பது பேர் தேவை. யாராவது வருவார்களா என்று இரண்டு நாள் தூக்கமில்லை. ஒப்புதல் படிவத்தில் 'அபாயம்' என்ற சொல்லை 'வாய்ப்பு' என்று மாற்றலாமா என்று யோசித்து, அது ஏமாற்று வேலை என்று தோன்றி, அப்படியே விட்டேன்.

சனிக்கிழமை லயத்தில் படித்துக் காட்டியபோது நாற்பது பெண்கள் கை தூக்கினார்கள். எனக்குப் புரியவில்லை. பக்கத்து வீட்டு மதினிதான் புரியவைத்தார். எனக்கு அவர் உறவில்லை. லயத்தில் சுவர் ஒட்டியிருந்தால் மதினிதான். கொழுந்து கிள்ளும் வேலை, ஐம்பதை நெருங்கும் வயது, எஸ்டேட் முழுக்கக் கேட்கும் குரல்.

"ஏத்தா, இம்புட்டு வருசமா மேல நின்னு கொழுந்து கிள்ளிக்கிட்டே அந்தப் போட்டு போறதையும் வாரதையும் பாக்கறோம். ஒரு நா ஏறிருப்பமா? எங்கருந்தோ வாரவுக ஏறி எறங்குறாக. நோய் வந்தா வரட்டும், ஒரு சுத்துப் போயிட்டு வந்துதான் படுப்பேன்."

சீட்டுக் குலுக்கிப் போட்டோம். மதினி பெயர் வந்தது. நோயாளியாக நடிக்க யார் என்று கேட்டதற்கும் அவர்தான் முந்தினார். தனிமை அறையில் ஜன்னல் இருக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஒன்பது பெண்களும் கல்யாணத்துக்குக் கட்டும் சேலையில் வந்தார்கள். வெப்பமானி வைக்கும்போது முன்னால் சரிந்த மல்லிகைப் பூ குறுக்கே வந்தது. கடைசி நேரத்தில் கணவர் படகின் ஹாரனை அழுத்தினார், சத்தம் வரவில்லை. திருகிப் பார்த்தால் உள்ளே குளவி கூடு கட்டியிருந்தது. அவசரகாலத்தில் ஒலி எழுப்ப வேண்டும், அது கேட்டதும் பயணிகள் அவரவர் இடத்திலேயே அசையாமல் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது பன்னிரண்டாம் விதி. ஒலி இல்லாமல் விதி இல்லை.

"எதுக்குக் கவலை?" என்று தலைவர் சட்டைப் பையிலிருந்து ஒரு பித்தளை விசிலை எடுத்தார். மலையில் கொழுந்து நிறுக்கும் நேரத்தில் ஊதும் விசில். மோந்து பார்த்துவிட்டு என் கணவரிடம் கொடுத்தார். கணவர் அதைச் சானிடைசரில் முக்கினார். நான் இன்னொரு முறை முக்கச் சொன்னேன்.

நான் கரை ஊழியர் என்பதால் கரையில் குழந்தையோடு நின்றேன். படகு நன்றாகப் போனது. ஒன்பது பேரும் ஓர் இருக்கை விட்டு ஓர் இருக்கையில், எதிர்க் கரையைப் பார்த்தபடி, பள்ளிக்கூடப் பிள்ளைகள் போல அமர்ந்திருந்தார்கள். அதிகாரி பின்பக்கம் இடது மூலையில், மடியில் நோட்டோடு. கரைக்குத் திரும்பும் வழியில், எனக்குக் கேட்கிற தூரத்தில், மதினி நோயாளியானார். மூச்சு வாங்கி, நெஞ்சில் கை வைத்து, "எம்மக்கா, நான் போறேன்" என்று அவர் போட்ட சத்தத்தில் மேட்டிலிருந்து இரண்டு நாய்கள் இறங்கி வந்தன. படகில் கூடப் போயிருந்த தலைவர் அவரைத் திரைக்குப் பின்னால் அனுப்பினார். திட்டப்படி என் கணவர் விசிலை ஊதினார்.

எட்டுப் பெண்களும் எழுந்தார்கள். எழுந்து, பேசிக்கொள்ளாமல், ஒருவர் பின் ஒருவராக நெருக்கி, பின்பக்கம் இடது மூலையில் நோட்டோடு உட்கார்ந்திருந்த அதிகாரியின் முன்னால் வரிசையில் நின்றார்கள். இருபது முப்பது வருடமாக அந்த விசில் சத்தம் கேட்டதும் அவர்கள் செய்துவந்தது அதுதான். விசில் ஊதினால் கொழுந்துச் சாக்கைத் தூக்கிக்கொண்டு, எடை எழுத நோட்டு வைத்திருக்கும் ஆள் எங்கே இருக்கிறாரோ அங்கே வரிசை. படகு இடதுபக்கம் சாய்ந்தது. அதிகாரியின் பேனா தண்ணீரில் விழுந்தது.

"உக்காருங்க! எல்லாரும் உக்காருங்க!" என்று கணவர் கத்தினார்.

"நீ முதல்ல அவளைச் சொல்லு, நடுவுல பூந்துட்டா," என்றாள் வரிசையில் ஒருத்தி. இடத்தை விட்டு யாரும் அசையவில்லை. என் பதினெட்டாம் விதியின் ஆறடி இடைவெளியில் ஒரு தேயிலைகூட நுழையாது.

எப்படியோ கரை சேர்ந்தார்கள். அதிகாரி இறங்கி, கையைத் துடைத்து, பையைத் துடைத்து, வேறொரு பேனாவை எடுத்தார். என்ன எழுதுகிறார் என்று பார்க்க எனக்குத் தைரியமில்லை. என் கணவர் கயிற்றைக் கட்டிக்கொண்டே என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கொச்சி இருந்தது. விசிலுக்குப் பதில் தட்டைத் தட்டலாம் என்று எழுதியிருக்கலாம். ஒலி எழுப்பும் விதியையே விட்டிருக்கலாம். பி.காம் படித்தவள் பேசாமல் இருந்திருக்கலாம்.

அப்போது படகிலிருந்து ஒரு குரல்.

"நான் வரலாமா?"

எல்லாரும் திரும்பினோம். சேலைத் திரைக்குப் பின்னால் மதினி இன்னும் இருந்தார்.

"நோயாளி தானா எறங்கப்படாதுன்னு சொன்னியேத்தா. யாரு சொன்னா எறங்கணும்? காலு மரத்துப் போச்சு."

அதிகாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முகக்கவசத்துக்கு மேலே கண் மட்டும் சிரித்தது. படகுவரை போய், திரையை விலக்காமலே கேட்டார்: "சேச்சி மாத்திரம் எப்படி அசையாம இருந்தது? விசில் கேட்டில்லே?"

"கேட்டுச்சு. காலு தானா எந்திரிக்கத்தான் பாத்துச்சு. ஆனா எனக்குன்னு ஒரு எடம் சொல்லி உக்கார வச்சிருக்காகல்ல. அவளுகளுக்கு எடம் சொல்லல, ஆறடின்னு சொன்னீக. ஆறடிய யாரு கண்டா? நெரை பிரிச்சு விடுங்க மேடம். அவளவளுக்கு ஒரு நெரைன்னா அடுத்தவ நெரையில காலு வைக்க மாட்டா. வச்சா அடிதடிதான்."

நெரை என்பது தேயிலைச் செடிகளின் வரிசை. காலையில் வேலைக்குப் போனதும் ஆளுக்கு ஒரு நெரை பிரித்துக் கொடுப்பார்கள். அன்று முழுக்க அது அவளுடையது. அதிகாரிக்கு நான் அதை விளக்கினேன். அவர் நோட்டைப் பார்த்தார், மலையைப் பார்த்தார்.

"ஒருக்கல் கூடி போகாம்," என்றார். இன்னொரு முறை.

நான் சாக்பீஸ் எடுத்துக்கொண்டு, முதல் முறையாகப் படகில் ஏறி, இருக்கைகளுக்கு நடுவே கோடு கிழித்தேன். முதல் நெரை உனக்கு, இரண்டாவது உனக்கு, கூப்பிடாமல் நெரையை விட்டு வரக்கூடாது. இறங்கிய பிறகு, கரை ஊழியர் படகில் ஏறியது விதிமீறலோ என்று கவலைப்பட்டேன். இரண்டாம் சுற்றில் விசில் ஊதியதும் எட்டுப் பேரின் உடம்பும் ஒரு துள்ளு துள்ளியது. ஆனால் கோட்டைத் தாண்டி ஒரு கால் வரவில்லை. பக்கத்து நெரைக்குள் தன் முந்தானை போய்விட்டது என்று ஒருத்தி அதை இழுத்துச் செருகிக்கொண்டாளாம். மதினி இந்த முறை இன்னும் நீளமாகச் செத்தார்.

ஐந்தாம் நாள் அனுமதிக் கடிதம் வந்தது. "சமர்ப்பிக்கப்பட்ட விதிகள் அனைத்தும் கண்டிப்பாகப் பின்பற்றப்பட வேண்டும்" என்று அடியில் முத்திரை. கணவர் கொச்சிக்குப் போன் செய்து வரவில்லை என்று சொன்னார். நான் அடுக்களைக்குள் போய்க் கொஞ்சம் அழுதேன். பிறகு அடுத்த பயம் வந்து அதை நிறுத்தியது.

தலைவர் கடிதத்தை லேமினேட் செய்து டிக்கெட் கொட்டகையில் மாட்டினார். படகு ஓடத் தொடங்கும் நாளுக்கு முந்தைய மதியம், ஊழியர்களுக்கு விதிகளை வாசித்துக் காட்ட வேண்டும் என்ற விதிப்படி, ஊழியர்களுக்கு வாசித்தார். படகின் ஊழியர் என்றால் அவரும் என் கணவரும்தான். அதனால் தனக்கும் சேர்த்தே வாசித்தார். முப்பது வரை போய், அடுத்ததில் நின்றார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி வாசித்தார்.

"முப்பத்தொண்ணு. படகின் ஊழியர்கள், பயணப் பருவம் முடியும்வரை, குடும்பத்தினர் உட்படக் கரையிலுள்ள எவருடனும் கலந்து பழகக் கூடாது. ஒவ்வொருவரும் தனி அறையில் தங்க வேண்டும்."

பதிவேட்டோடு நானும் அங்கே நின்றிருந்தேன். கணவர் மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"புள்ள, இது நீ எழுதுனதா?"

"கப்பல்ல... அவங்க மாசக்கணக்கா கப்பல்லயே இருப்பாங்கள்ல... அது அதுக்குள்ள..."

"நான் ராத்திரி வீட்டுக்கு வாரவன்தானே?"

"மறந்துட்டேங்க."

தலைவர் தாளை முகத்தருகே கொண்டுபோனார். "முத்திரை குத்திட்டாகளே தாயி," என்றார். "எனக்கென்ன, தனிக்கட்டை. கொட்டகையில படுத்துக்கிருவேன். ஆனா தனி அறைன்னு போட்டிருக்கு. அப்ப ஒம் புருசனுக்குப் போட்டுதான்."

அதிகாரி எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். ஒரு விதியை மீறியது தெரிந்தால் அனுமதி போகும். அனுமதி போனால் கொச்சி. ஆகவே கொச்சிக்குப் போகாத என் கணவர், வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில், லைஃப் ஜாக்கெட்டுகளுக்கு நடுவே குடியேறினார்.

தினமும் மூன்று வேளை தூக்குச்சட்டியைக் கரையில் உள்ள கல்தூணின் மேல் வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்து நிற்பேன். அவர் வந்து எடுப்பார். எல்லைக்காகக் கட்டிய கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்று சாப்பிடுவார். குளிரில் தூங்க முடியவில்லை என்று ஒரு நாளும் சொல்லவில்லை. தலைவரின் குறட்டை கொட்டகையிலிருந்து தண்ணீர் மேல் நடந்து வருகிறது என்று மட்டும் சொன்னார். மதினி வேலைக்குப் போகும்போது மேட்டிலிருந்து கத்துவார்: "ஏத்தா, ஒம் மாப்பிள்ளைக்குப் போட்டோட கல்யாணம் பண்ணி வச்சிட்டியா?"

மறந்துவிட்டேன் என்று அவரிடம் சொன்னேன் அல்லவா. நீச்சல் குளத்தை மறந்தது உண்மை. இது அப்படியா? எழுதிய இரவை நினைத்துப் பார்த்தேன். குழந்தைக்கு அன்று லேசான ஜலதோஷம். அந்த விதியைப் படித்தபோது, அடிக்க வேண்டும் என்று பென்சிலால் பக்கத்தில் ஒரு புள்ளி வைத்தது நினைவிருக்கிறது. பிறகு குழந்தை தும்மியது. பிறகு முப்பத்திரண்டாம் விதிக்குப் போய்விட்டேன். மறந்தேனா, விட்டுவைத்தேனா? அவரை வீட்டில் வைத்துக்கொள்ளத்தானே எழுத உட்கார்ந்தேன். எழுதும்போது, அவரை வாசலில் நிறுத்தவும் எனக்குள் ஒருத்தி விரும்பியிருக்கிறாள். அவளைத் திட்டலாம் என்றால், அவள் சொல்வதிலும் நியாயம் இருந்தது.

நான்காம் நாள் காலை. கொச்சியிலிருந்து வந்த ஒரு குடும்பத்தை வெப்பமானியால் நெற்றியில் சுட்டு அனுப்பிக்கொண்டிருந்தேன். அவர்கள் பெண்ணுக்கு என் மகளின் வயதுதான் இருக்கும். அவள் டிக்கெட்டை ஆட்டிக்கொண்டே படகில் ஏறி, என் கணவருக்கு நேர் பின்னால் இருந்த நெரையில் உட்கார்ந்தாள். என் மகள் கயிற்றருகே நின்று பார்த்தாள். போய், கீழே கிடந்த ஒரு தேயிலையைப் பொறுக்கி வந்தாள். தலைவரிடம் நீட்டினாள்.

"டிக்கெட்டு. நான் அப்பாகிட்ட போணும்."

தலைவர் இலையை வாங்கினார். மோந்து பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"அம்மாவக் கேளு கண்ணு," என்றார்.

அன்று மதியம் அதிகாரிக்குப் போன் செய்தேன். டிக்கெட் கொட்டகையில் காற்று வசதி போதாது, ஊழியர் உடல்நலம், பணித்திறன் என்று மூன்று காரணங்களைத் தாளில் எழுதிவைத்திருந்தேன்.

"முப்பத்தொண்ணாம் விதியை மாத்தணும் மேடம்."

"எந்தா காரணம்?"

தாளைப் பார்த்தேன். "குழந்தை டிக்கெட் கேக்குது மேடம்," என்றேன்.

"எனிக்கும் ஒராள் உண்டு. நாலு வயசு," என்றார். "நான் வீட்டுக்குச் சென்னா வெளிய பைப்பில குளிச்சிட்டுதான் உள்ளே கேறும். அது மாதிரி எழுதி அனுப்பு. நான் பாஸ் பண்ணாம்."

கணவரிடம் கயிற்றுக்கு இந்தப் பக்கமிருந்து சொன்னேன். அவர் மோர்சாதத்தைப் பிசைவதை நிறுத்தினார்.

"இந்தத் தடவை யோசிச்சு எழுது புள்ள. நீ எழுதுனா சட்டமாப் போயிருது."

யோசித்துத்தான் எழுதினேன். முப்பத்தொன்று-அ. படகின் ஊழியர் வீடு திரும்பலாம். அதற்குப் பதினோரு உட்பிரிவுகள்: பின்பக்கக் குழாயில் குளியல், உடுப்பு கொதிநீர் வாளியில், செருப்பு வேலிக்கு வெளியே, அது முடியும்வரை குழந்தையை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தியிருத்தல். இரண்டு நாளில் திருத்தத்துக்கு முத்திரை வந்தது.

மறுநாள் கடைசிச் சுற்று முடிந்து, வெயில் இறங்குமுன்னே அவர் மேடேறி வந்தார். பின்பக்கம் வெந்நீர், வாளி, சோப்பு, மாற்றுத்துணி எல்லாம் உட்பிரிவு வரிசைப்படி வைத்திருந்தேன். கதவைச் சாத்தினேனா என்று திரும்பிப் பார்ப்பதற்குள் என் கைக்குக் கீழே ஏதோ ஓடியது. அவர், "வேணாம் பாப்பா, அப்பா இன்னும் குளிக்கல, அம்மா எழுதியிருக்கா" என்று பின்வாங்கிப் பின்வாங்கி வேலியில் முட்டிக்கொண்டார். அவள் ஏறி அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். பிடித்து இழுக்கத்தான் ஓடினேன். சத்தியமாக அதற்குத்தான் ஓடினேன்.

அன்றைய பதிவேட்டை அன்றே எழுதியாக வேண்டும். எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். சுற்றுகள், பயணிகள், வெப்பநிலை எல்லாம் எழுதினேன். 'நெருங்கிய தொடர்பு' என்ற பத்தியில், நானே ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட கட்டத்தில், இருவர் என்று எழுதினேன். வயது மூன்று. வயது இருபத்தெட்டு. 'எடுக்கப்பட்ட நடவடிக்கை' என்பதில் வெகுநேரம் யோசித்தேன். பிறகு, சோப்பு என்று எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திட்டேன்.